நெஞ்சொலி கற்பிக்கும் பாவை

தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் கடையநல்லூர். நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த இவ்வூர் கைத்தறி நெசவுக்கும் பெயர் பெற்றது. தறிக்குழியில் கால்களை இறக்கி அமர்ந்த நெசவாளர், மிதிகட்டைகளை மாறி மாறி மிதித்து, நாடாவை இப்புறமும் அப்புறமும் ஓடவிட்டு, இழையை நெருக்கி அடிக்கின்றார். அவ்வினையில் எழும் ஓசை ஓர் ஒழுங்குடையது. பல்லாண்டு பழகிய நெசவாளர்க்கு அவ்வோசையே தறியின் நலத்தைக் கூறிவிடும். பாவில் ஓரிழை அறுந்தாலும், நாடா தன் வழியினின்று சிறிது பிறழ்ந்தாலும், கண் காணுமுன் காது கண்டுகொள்ளும். அருகில் நின்று பார்க்கும் புதியவர்க்கோ எல்லா ஓசையும் ஒன்றாகவே தோன்றும். இருவர் செவியும் இயற்கையில் ஒரு தன்மையனவே. பழக்கமே அவற்றை வேறுபடுத்துகின்றது.

நெஞ்சின் ஒலியைக் கேட்டு நோயறியும் மருத்துவரின் திறமும் இத்தகையதே. அவர் செவி ஏனையோர் செவியினும் கூரியது அன்று; பழகியது. ஆயினும் நெசவுக்கும் மருத்துவத்துக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. நெசவு பயிலும் இளைஞன் இழையை அறுத்துவிட்டால் மீண்டும் முடிந்துகொள்ளலாம். தறியை நிறுத்திவிட்டு மூத்தவரைக் கேட்கலாம். ஒரே பிழையை நூறு முறை செய்து நூறு முறையும் திருத்திக்கொள்ளலாம். நோயுற்ற நெஞ்சத்தை அவ்வாறு நிறுத்திவைத்துப் பயில இயலாது. மாணவன் கற்க விரும்பும் நோயை அவன் விரும்பிய நாளில் வரவழைக்கவும் இயலாது. இவ்விடர்ப்பாட்டை நீக்கும்பொருட்டு அறிஞர்கள் பல கருவிகளை இயற்றியுள்ளனர். அவற்றுள் சிறந்ததொன்று மனித உருவில் அமைந்த பாவையாகும். அதன் சிறப்பை உணர்வதற்கு, நெஞ்சம் ஒலிப்பது எங்ஙனம் என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

இதயம் நான்கு அறைகளை உடைய ஒரு தசைப்பை. மேலறைகள் இரண்டும் குருதியை ஏற்கின்றன. கீழறைகள் இரண்டும் அதனைச் செலுத்துகின்றன. வலக் கீழறை நுரையீரலுக்கும், இடக் கீழறை உடல் முழுமைக்கும் குருதியை அனுப்புகின்றன. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையே இரண்டும், கீழறைகளிலிருந்து பெருங்குழாய்கள் புறப்படும் வாயில்களில் இரண்டுமாக நான்கு வால்வுகள் உள்ளன. இவை ஒரு பக்கமாகவே திறக்கும் கதவுகள் எனலாம். கீழறைகள் சுருங்கத் தொடங்கியதும், மேலறைகளின் பக்கமுள்ள இரு வால்வுகளும் மூடிக்கொள்ள, 'லப்' என்னும் முதல் ஒலி எழுகின்றது. சுருக்கம் முடிந்ததும் குழாய்களின் வாயில்களில் உள்ள வால்வுகள் மூடிக்கொள்ள, 'டப்' என்னும் இரண்டாம் ஒலி எழுகின்றது. லப்பிற்கும் டப்பிற்கும் இடைப்பட்டது சுருங்குகாலம். டப்பிற்கும் அடுத்த லப்பிற்கும் இடைப்பட்டது விரிகாலம். நிமிடத்திற்கு 72 முறை துடிக்கும் இதயத்தில் ஒரு துடிப்பிற்கு ஆகும் நேரம் ஒரு நொடிக்கும் குறைவானது. அதனைப் பத்துப் பங்காக்கினால் ஏறத்தாழ நான்கு பங்கு சுருங்குகாலமும் ஆறு பங்கு விரிகாலமும் ஆகும். ஒரு நாளில் துடிப்புகள் ஓர் இலட்சத்தைக் கடக்கின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லி லிட்டர் குருதி வெளியேறுகின்றது. எனவே நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதி இதயத்தின் வழியே சென்று மீள்கின்றது.

இவ்வளவு குருதி ஓடினும், நலமுள்ள இதயத்தில் லப், டப் என்னும் இரண்டன்றி வேறொலி பெரும்பாலும் கேட்பதில்லை. வயலுக்குப் பாயும் வாய்க்காலை நோக்கினால் இதன் காரணம் புலப்படும். மடை நன்கு திறந்திருக்கும்போது நீர் ஓசையின்றிச் செல்லும். மடைவாய் பாதி அடைபட்டால் அவ்விடத்தே நீர் சுழன்று சலசலக்கும். மூடிய மடையில் பிளவு இருப்பினும், அதன் வழியே பீறிட்டு ஒலிக்கும். இதயத்திலும் வால்வு சுருங்கி வழி குறுகினாலோ, சரிவர மூடாமல் குருதி பின்னோக்கி ஒழுகினாலோ, இரு ஒலிகளுக்கும் இடையே மெல்லிய இரைச்சல் ஒன்று தோன்றும். அதனை முணுமுணுப்பு என்பர். அம்முணுமுணுப்பு சுருங்குகாலத்ததா, விரிகாலத்ததா, மார்பின் எவ்விடத்தே மிகுதியாகக் கேட்கின்றது, கழுத்தை நோக்கிப் பரவுகின்றதா, அக்குளை நோக்கிப் பரவுகின்றதா என்பனவற்றை உணர்ந்த மருத்துவர், பழுதுற்ற வால்வு இன்னது, பழுதின் தன்மை இன்னது என்று உய்த்துணர்வார். முணுமுணுப்பின் வன்மையை ஆறு படிகளாக வகுத்துக் கூறும் முறையை அமெரிக்க மருத்துவர் சாமுவேல் லெவைன் என்பவரும் அவர் துணைவரும் 1933-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நான்காம் படி முதற்கொண்டு, மார்பின்மேல் வைத்த உள்ளங்கையிலும் அதிர்வு தெரியும்.

இவ்வொலியைக் கேட்டறிவதால் வரும் பயனும், அறியாமையால் வரும் கேடும் சிறியன அல்ல. முடக்குக் காய்ச்சல் என்னும் நோய் ஐந்து முதல் பதினைந்து வயதுவரை உள்ள சிறார்களைப் பெரிதும் பற்றுவது. ஒருவகை நுண்ணுயிரால் தொண்டை புண்ணாகி ஆறியபின், இரண்டு மூன்று வாரங்கள் கழித்துக் காய்ச்சல் வரும். முழங்காலும் கணுக்காலும் மாறி மாறி வீங்கி வலிக்கும். பின்னர் அவ்வலி தானே நீங்கிவிடும். பெற்றோர் நோய் தீர்ந்தது என்று மகிழ்வர். ஆனால் அந்நோய் பலரிடத்து இதய வால்வுகளில் தழும்பை விட்டுச் செல்கின்றது. தொண்டைப் புண் மீண்டும் மீண்டும் வர, தழும்பும் பெருகும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, நடந்தால் மூச்சு வாங்கும். பெண்களாயின் கருவுற்ற காலத்தே உயிருக்கே இடர் வரும். இந்நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால், மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டு, மேலும் கெடாமல் தடுக்கலாம். கண்டறிதற்குரிய வழிகளுள் எளியதும் செலவற்றதும் மருத்துவரின் செவியே.

ஆனால் அச்செவிக்கு இயற்கை ஒரு தடையை வைத்துள்ளது. மனிதச் செவி, நொடிக்கு 1000 முதல் 4000 வரையிலான அதிர்வுகளை உடைய ஒலிகளையே நன்கு கேட்கும். இதயத்தின் ஒலிகளோ பெரும்பாலும் 20 முதல் 500 அதிர்வுகளுக்குள் அடங்குவன. ஈரிதழ் வால்வு சுருங்கியதால் எழும் முணுமுணுப்பு மிகத் தாழ்ந்த சுருதியுடையது. தொலைவில் வண்டி உருள்வது போல்வது. நோயாளியை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, ஸ்டெதாஸ்கோப்பின் மணி போன்ற பக்கத்தை மெல்ல வைத்தாலன்றி அது கேளாது. அழுத்தி வைத்தால் மறைந்துவிடும். முடக்குக் காய்ச்சலால் விளையும் பழுதுகளுள் முதன்மையானது இதுவே என்பதும், கேட்பதற்கு அரியனவற்றுள் ஒன்றும் இதுவே என்பதும் வருந்தத்தக்கன.

மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. நலமுள்ள சிறார் பலரிடத்தும் தீங்கற்ற முணுமுணுப்பு கேட்பதுண்டு. நரம்பை மீட்டினாற்போன்ற இன்னொலியுடைய ஒருவகையை ஆங்கில நாட்டுக் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் 1909-ஆம் ஆண்டில் விளக்கினார். அதனை நோயென்று மயங்கினால் நலமுள்ள பிள்ளை ஓடியாடுவதினின்றும் தடுக்கப்படும். பெற்றோர் வீண் கவலையுற்றுப் பொருளையும் இழப்பர். உள்ளதை இல்லை என்பதும், இல்லதை உளதென்பதும் ஒருங்கே பிழையாகும்.

உடலின் உட்செய்தியைப் புறத்தே நின்று அறியும் முயற்சி தொன்மையானது. நம் நாட்டுச் சித்த மருத்துவர் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்த்தனர். ஆஸ்திரிய நாட்டு மருத்துவர் ஆவன்புருக்கர், விரலால் மார்பைத் தட்டி எழும் ஒலியைக்கொண்டு உள்ளிருக்கும் நிலையை அறியலாம் என்று 1761-ஆம் ஆண்டில் நூல் எழுதினார். அவர் ஒரு விடுதிக்காரரின் மகன்; மது நிறைந்த மரப்பீப்பாயைத் தட்டி அதன் அளவை அறியும் வழக்கத்தை அவர் இளமையிலேயே அறிந்திருந்தார். சந்தையில் மட்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்கும் நம் ஊர்ப் பெண்டிர்க்கு இது வியப்பளிக்காது.

ஸ்டெதாஸ்கோப் தோன்றியது 1816-ஆம் ஆண்டில். பாரிசு நகரத்து நெக்கர் மருத்துவமனையில் பணியாற்றிய லேனெக் என்பவரிடம் இதய நோயுற்ற இளம்பெண் ஒருத்தி வந்தாள். அக்காலத்தில் மருத்துவர் தம் காதையே நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்பது வழக்கம். இளம்பெண்ணிடத்து அவ்வாறு செய்தல் தகாதெனக் கருதிய லேனெக், ஒரு தாள்கற்றையைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தம் செவியிலும் வைத்தார். மரத்துண்டின் ஒரு முனையில் ஊசியால் கீறினால் மறுமுனையில் அவ்வொலி தெளிவாகக் கேட்கும் என்பது அவர் நினைவில் இருந்தது. காதை நேரே வைத்துக் கேட்டதினும் ஒலி தெளிவாகக் கேட்டது. புல்லாங்குழல் வாசிக்கும் பழக்கமுடைய அவர், பின்னர் மரத்தைக் கடைந்து தாமே குழல்கள் செய்துகொண்டார். தம் ஆராய்ச்சியை 1819-இல் நூலாக வெளியிட்டார். நெஞ்சு நோய்களை உலகுக்கு விளக்கிய அப்பெரியார் 1826-இல் காசநோயால் தம் 45-ஆம் வயதில் மறைந்தார். இரு காதுகளிலும் பொருத்தும் குழல் 1850-க்குப் பின்னரே வழக்கிற்கு வந்தது.

குழல் வந்தது; கற்பிக்கும் முறை மட்டும் மாறவில்லை. ஆசிரியர் முதலில் கேட்பார். பின்னர்க் குழலை மாணவனிடம் கொடுப்பார். "கேட்டதா?" என்பார். மாணவன் "கேட்டது ஐயா" என்பான். அவன் உண்மையாகவே கேட்டானா, நாணத்தால் தலையசைத்தானா என்பதை ஆசிரியர் அறிவதெங்ஙனம்? ஓவியம் பயிலும் மாணவன் வரைந்ததை ஆசான் காணலாம். இசை பயிலும் மாணவன் பாடியதைக் கேட்கலாம். ஒருவன் செவிக்குள் புகுந்த ஒலியை மற்றொருவன் காண வழியில்லை. நோயாளியின் துன்பமோ தனி. மூச்சுவிட முடியாமல் தலையணைகளில் சாய்ந்திருக்கும் ஒருவரைச் சூழ்ந்து, இருபது மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் குழலை வைத்து, "இடப்பக்கம் திரும்புங்கள், மூச்சை அடக்குங்கள்" என்று கூறுவது கல்வியின் பொருட்டேயாயினும் இரக்கமுடைய செயல் அன்று. அரசு மருத்துவமனைக்கு வரும் ஏழையர் அதனைப் பொறுத்துக்கொண்டனர். அப்பொறுமையின் மேல்தான் பன்னெடுங்காலம் மருத்துவக் கல்வி நடைபெற்றது.

மின்னாற்றல் இந்நிலையை மாற்றத் தொடங்கியது. ஒரு நோயாளியின் நெஞ்சொலியைப் பெருக்கி, ஒரே வேளையில் பலர் கேட்குமாறு செய்யும் கருவி 1924-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் அமைக்கப்பட்டது. அதன்பின் ஆசிரியரும் மாணவரும் ஒரே நொடியில் ஒரே ஒலியைக் கேட்டனர். பின்னர், பலவகை நெஞ்சொலிகளைப் பதிவு செய்த இசைத்தட்டுகள் வெளிவந்தன. பாட்டுக் கேட்கும் பெட்டியில் அவற்றைச் சுழலவிட்டு, ஒரு நோயின் ஒலியை வேண்டும்போதெல்லாம் கேட்கலாயிற்று. அமெரிக்கத் தலைநகரில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிராக்டர் ஹார்வி, நெஞ்சொலி கற்பிப்பதில் பெரும்புகழ் பெற்றவர். மாணவர் ஒவ்வொருவரும் தனித்தனிக் கேட்புக்குழல் பொருத்திக்கொண்டு கேட்குமாறு அவர் பாடம் நடத்தினார்.

எனினும் தட்டில் கேட்கும் ஒலி முழுப்பாடம் ஆகாது. நெஞ்சொலி கேட்பவர் செவியால் மட்டும் அறிவதில்லை. ஒரு கைவிரலைக் கழுத்துத் தமனியின்மேல் வைத்துக்கொண்டு கேட்பார். துடிப்போடு ஒத்து வருவது லப் என்று தெளிவார். கழுத்துச் சிரையின் அசைவைக் கண்ணால் காண்பார். மார்பில் உள்ளங்கையை வைத்து அதன் எழுச்சியை உணர்வார். கண்ணும் கையும் செவியும் ஒருங்கே பயில்வதற்குத் தட்டு போதாது. ஓர் உடல் வேண்டும். அங்ஙனம் தோன்றியதே பாவை.

பாவையைக் கொண்டு மருத்துவம் கற்பித்தல் புதியதென்று எண்ணுவோர் சுசுருதரின் நூலை அறியாதவர். அறுவை மருத்துவம் பயிலும் மாணவன் பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களில் அறுத்துப் பழகவும், தாமரைத் தண்டில் துளைத்துப் பழகவும், துணியால் செய்த முழுமனிதப் பாவையின் உறுப்புகளில் கட்டுக் கட்டிப் பழகவும் வேண்டும் என்று அந்நூல் விதிக்கின்றது. நூல்களைக் கற்றிருப்பினும் கைப்பழக்கம் இல்லாதவன் தொழிலுக்குத் தகுதியற்றவன் என்பது அவர் கொள்கை. சீன நாட்டில் 1027-ஆம் ஆண்டில் வாங் வெய்யி என்பவர் வெண்கலத்தால் மனித உருவங்கள் இரண்டைச் செய்வித்தார். ஊசி மருத்துவம் பயிலும் மாணவன் மெழுகு பூசிய அவ்வுருவத்தில் உரிய இடத்தில் ஊசியைக் குத்தினால் உள்ளிருக்கும் நீர் வெளிவரும். இடம் தவறினால் வாராது. தேர்வு முடிவை அறிவிக்க ஆசிரியரும் வேண்டுவதில்லை. அண்மைக் காலத்தில், நார்வே நாட்டுப் பொம்மைத் தொழிலர் லேர்டால் என்பவர், நின்றுபோன மூச்சையும் துடிப்பையும் மீட்கும் முறையைக் கற்பிக்கும் பாவையை 1960-ஆம் ஆண்டில் வெளியிட்டார். விளையாட்டுப் பொம்மை செய்த கை அது என்பதும் நினைக்கத்தக்கது.

இவ்வழியில் வந்து, நெஞ்சொலிக்கென்றே அமைந்த பாவையை இயற்றியவர் மயாமிப் பல்கலைக்கழகத்து மருத்துவர் மைக்கேல் கார்டன். அவர் பிராக்டர் ஹார்வியின் மாணவர். 1968-ஆம் ஆண்டில் தம் பாவையை அமெரிக்க இதயக் கழகத்தின் கூட்டத்தில் காட்டி, அதற்குத் தம் ஆசிரியரின் பெயரையே சூட்டினார். படுத்திருக்கும் மனிதனைப் போன்ற அப்பாவையின் கழுத்தில் சிரை அசையும். கழுத்திலும் கைகளிலும் நாடி துடிக்கும். மார்பு எழுந்து தாழும். மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும் நான்கு இடங்களிலும் அவ்வவ்விடத்திற்குரிய ஒலி, துடிப்போடு இம்மியும் பிசகாமல் கேட்கும். மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் ஒலி மாறுவதையும் அது காட்டும். கையில் கருவி கட்டிக் குருதி அழுத்தமும் பார்க்கலாம். ஆசிரியர் நோயை மாற்றினால், நலமாயிருந்த பாவை மறுகணமே ஈரிதழ் வால்வு சுருங்கிய நோயாளி ஆகும். பின்னர்ப் பெருந்தமனி வால்வு ஒழுகும் நோயாளி ஆகும். எழுந்து செல்லும் ஆறு மாதங்களுக்குள் மாணவன் ஒருமுறையேனும் காணாதுபோகக்கூடிய அரிய நோயையும் ஒரு பிற்பகலில் காட்டும்.

இப்பாவையின் முன் நடைபெறும் பாடம் பழைய பாடத்தினும் வேறுபட்டது. மாணவி ஒருத்தி, விரிகால முணுமுணுப்பைச் சுருங்குகாலத்தது என்று மயங்கினால், ஆசிரியர் அவள் விரலை எடுத்துப் பாவையின் கழுத்தில் வைப்பார். அவள் மீண்டும் கேட்பாள். துடிப்போடு ஒத்துவரும் ஒலியைத் தேடுவாள். பத்தாம் முறை அவளுக்கு ஐயம் நீங்கலாம். இருபதாம் முறை நீங்கலாம். பாவை சலிப்படைவதில்லை, அதற்கு மூச்சு முட்டுவதில்லை, அவள் பிழையால் அதற்குத் தீங்கும் இல்லை. செவிலியர் மாணவியரும் இதில் பயில்கின்றனர். இரவெல்லாம் நோயாளியின் அருகில் இருப்பவர் செவிலியரே ஆதலின், புதிதாகத் தோன்றிய ஒலியை முதலில் கேட்கும் வாய்ப்பும் அவர்க்கே உண்டு.

இத்துணைக் கருவிகள் தேவையோ என்று வினவுவார்க்கு ஓர் ஆராய்ச்சி விடை கூறுகின்றது. அமெரிக்காவில் 453 பயிற்சி மருத்துவர்களுக்கும் 88 மாணவர்களுக்கும், நோயாளிகளிடமிருந்து பதிவு செய்த 12 நெஞ்சொலிகளைக் கேட்பித்துச் சோதித்தனர். அதன் முடிவு 1997-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அப்பயிற்சி மருத்துவர்கள் சரியாக இனங்கண்டவை சராசரியாக நூற்றுக்கு இருபதே. பெரிய மருத்துவமனைகளும் சிறந்த நூலகங்களும் உடைய நாட்டில் நிலை இதுவாயிற்று! அறிவுக்குறை இதற்குக் காரணம் அன்று; முணுமுணுப்பின் இலக்கணத்தை அவர்கள் நூலில் கற்றேயிருந்தனர். செவிக்குப் பழக்கம் இல்லை. பின்னர், பிலடெல்பியா நகரத்து டெம்பிள் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை முணுமுணுப்பு ஒவ்வொன்றையும் 500 முறை கேட்கச் செய்தனர். கேட்டவர் திறம் பெரிதும் உயர்ந்தது. ஒருமுறை விளங்கச் சொன்னால் போதும் என்பது அறிவுக்குப் பொருந்தும். செவி ஐந்நூறு முறை கேட்கின்றது. நெட்டுருப் போடுதலை இழித்துரைக்கும் இக்காலத்தார் இதனைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம்.

ஐந்நூறு முறை கேட்பதற்கு விலையுயர்ந்த பாவை வேண்டுவதில்லை. பதிவு செய்த ஒலிகளைக் கைப்பேசியிலேயே கேட்கலாம். ஆனால் கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி தாழ்ந்த சுருதியை ஒலிக்கும் ஆற்றல் அற்றது; அதனை மட்டும் நம்பினால் ஈரிதழ் வால்வின் முணுமுணுப்பு காதில் விழாமலே போகும். காதைப் பொதியும் நல்ல கேட்பொறி வேண்டும். இக்காலத்து மின்னியல் ஸ்டெதாஸ்கோப் ஒலியைப் பெருக்குவதோடு பதிந்தும் வைக்கின்றது. ஒலியின் வடிவைத் திரையில் கோடாக வரைந்தும் காட்டுகின்றது. மாணவன் கேட்டதை ஆசிரியர் அறிய வழியில்லை என்ற பழைய குறை இதனால் தீர்ந்தது. கணிப்பொறியே ஒலியை ஆராய்ந்து, முணுமுணுப்பு உண்டு, இல்லை எனக் கூறும் முறையும் வந்துவிட்டது. அது துணையாகலாம், தவறுவதும் உண்டு. தவறியதை அறிவதற்குப் பழகிய செவி வேண்டும்.

ஈ.சி.ஜி.யும் எக்கோவும் இருக்கச் செவிப்பயிற்சி எதற்கு என்பாரும் உளர். ஈ.சி.ஜி.க்கு அடிகோலிய ஐந்தோவன் 1924-இல் நோபெல் பரிசு பெற்றார். ஒலியலையைச் செலுத்தி, மீண்டு வரும் எதிரொலியால் இதயத்தைக் காணும் எக்கோ முறை 1953-இல் சுவீடன் நாட்டில் தொடங்கியது. வால்வின் பழுதை அளந்து காட்டுவதில் எக்கோவிற்கு நிகர் செவி அன்று. ஆயினும் கடையநல்லூரிலோ அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலோ உள்ள ஒவ்வொரு பிள்ளையையும் எக்கோ பார்க்க அனுப்ப இயலுமா? தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ செல்ல ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக்குப் பணம் தேடி, பிள்ளையை அழைத்துச் செல்லவேண்டிய பெற்றோரிடம், "செல்க" என்றோ, "செல்ல வேண்டுவதில்லை" என்றோ உறுதியாகச் சொல்பவர் ஒருவர் வேண்டும். அச்சொல் செவியினின்றே பிறக்கின்றது.

பாவையின் குறைகளையும் கூறுதல் நேர்மையாகும். அதன் மார்பில் வியர்வை இல்லை, அது அழுவதில்லை, அஞ்சுவதில்லை. மெலிந்தார், பருத்தார் என்னும் வேறுபாடும் அதற்கு இல்லை. தெருவோசையும் குழந்தையின் அழுகையும் கலந்த இடத்தில், மேற்சட்டையைக் கழற்ற நாணும் சிறுமியின் நெஞ்சொலியைக் கேட்பதற்குப் பாவை மட்டும் ஆயத்தம் செய்துவிடாது. ஆதலின், பாவையிடம் பயின்றவர் அதன்பின் நோயாளியிடம் சென்று பயிலவே வேண்டும். வெறுஞ்செவியோடு செல்வதற்கும் பழகிய செவியோடு செல்வதற்கும் உள்ள வேறுபாட்டால் நயம் அடைபவர் அந்நோயாளியே.

செவி ஒன்றே வழியும் அன்று. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தைகளின் இதய நோய்க்குப் பெருந்தொண்டு செய்த ஹெலன் டாசிக் அம்மையார், நடுவயதை எட்டுமுன்னரே செவிப்புலனைப் பெரும்பகுதி இழந்தவர். ஒலிபெருக்கும் ஸ்டெதாஸ்கோப்பைக் கையாண்டதோடு, குழந்தையின் மார்பில் விரல்களை வைத்து முணுமுணுப்பின் அதிர்வை உணர அவர் பழகிக்கொண்டார். உடல் நீலம் பாரித்துப் பிறக்கும் குழந்தைகளுக்கு 1944-ஆம் ஆண்டில் வாழ்வளித்த அறுவை முறை, அவர் கருத்தினின்று உருவாயிற்று. அவரிடம் பயின்றவருள் ஒருவர் நம் நாட்டு மருத்துவர் பத்மாவதி. பர்மாவில் 1917-இல் பிறந்து, இரங்கூனில் மருத்துவம் கற்று, போர் காரணமாக 1942-இல் அந்நாட்டைவிட்டுக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தவர் அவர். மேலைநாடுகளில் உயர்கல்வி பெற்று, 1953-இல் இந்தியா திரும்பி, தில்லியில் இதய நோய்க்கென மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். மாணவர் பலரை உருவாக்கினார். முடக்குக் காய்ச்சலால் வரும் இதய நோயைப் பற்றி நாட்டிற்கு எடுத்துரைத்தவருள் அவர் முதன்மையானவர். 1992-இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், 2020-இல் தம் 103-ஆம் வயதில் மறைந்தார்.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட மருத்துவக் கல்வி விதிகள், மருத்துவக் கல்லூரி ஒவ்வொன்றிலும் திறன் ஆய்வகம் அமைத்தலைக் கட்டாயமாக்கின. மாணவர் நோயாளியைத் தொடுமுன் உருவங்களில் பயிலுதற்குரிய இடம் அது. திருநெல்வேலியில் 1965-இல் தோன்றிய அரசு மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட எல்லாக் கல்லூரிகளுக்கும் இவ்விதி பொருந்தும்.

அங்குப் பயின்று வெளிவருவோருள் சிலர், 2013-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் ஊர்திகளில் பள்ளிதோறும் செல்கின்றனர். பிறவி இதய நோயும், முடக்குக் காய்ச்சலால் வரும் இதய நோயும் அத்திட்டத்தில் தேடவேண்டிய நோய்களுள் அடங்கும். பள்ளித் தாழ்வாரத்தில் பெஞ்சு ஒன்றில் அமர்ந்து, வரிசையில் நிற்கும் பிள்ளைகளை ஒருவர்பின் ஒருவராக அவர்கள் சோதிக்கின்றனர். ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைப்பது சில நிமிடங்களே. அடுத்த அறையில் வாய்பாடு ஒப்பிக்கும் ஓசை கேட்டுக்கொண்டிருக்கும். ஐயம் தோன்றினால் மருத்துவர் அப்பிள்ளையை இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்லி, ஓசை அடங்கும்வரை காத்திருந்து, மீண்டும் ஒருமுறை கேட்பார்.